பாட்டுக்கு நடுவே ஒரு குரல்

நான் முதலில் வாங்கிய கார், எனக்கு முன் இரண்டு பேர் ஓட்டியது. கதவுக் கண்ணாடி பாதிதான் இறங்கும். ஆனால் பாட்டுப்பெட்டி மட்டும் நன்றாக இருந்தது. சிடி போடலாம், பக்கத்தில் இருந்த துளையில் தம்ப் டிரைவும் செருகலாம். மாசாயிலிருந்து ஜொகூர் பாருவில் உள்ள என் அலுவலகத்துக்குப் போக, காலை நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

என் கணவர் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். எனக்காக முதலில் சிடிகளில் பாட்டு பதிந்து கொடுத்தார். கார் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் சிடி துள்ளி, பாடுகிறவர் ஒரே சொல்லில் மாட்டிக்கொள்வார். அதனால் தம்ப் டிரைவுக்கு மாறினார். பாட்டுகளின் தமிழ்ப் பெயர்கள் காரின் சின்னத் திரையில் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, எல்லாவற்றையும் ஆங்கில எழுத்துக்கு மாற்றினார். நாள் முழுக்கக் கணினியில் வேலை செய்கிற நான் சோபாவில் படுத்து போன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, இரண்டு பாட்டு முடிந்ததும் அவர் குரலே காருக்குள் கேட்டது.

"வணக்கம், வணக்கம்! ஜாம்ல மாட்டிக்கிட்ட மகாராணிக்கு அடுத்த பாட்டு. முன்னால லாரி நிக்குதா? ஹார்ன் அடிக்காதீங்க லா, அவனும் மனுசன்தான்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்துக் காரில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். நாலைந்து பாட்டுக்கு ஒருமுறை இப்படிப் பேசிப் பதிந்து வைத்திருந்தார். கைப்பேசியை வைத்துக்கொண்டு குளியலறைக்குள் நின்று பேசினாராம். அங்கேதான் குரல் நன்றாக விழுகிறதாம். அந்த ஒரு மாதம் நெரிசல் எனக்குப் பாரமாக இல்லை.

அப்போது எங்கள் பிரிவுக்குப் புதிதாக ஒரு மேலதிகாரி வந்தார். சிங்கப்பூரில் பல வருஷம் இருந்துவிட்டு வந்த தமிழ்ப் பெண். என் கணவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டபோது, "லாஜிஸ்டிக்ஸ்ல இருக்காரு மேடம்" என்று சொல்லி வைத்திருந்தேன். ஒருநாள் ஆயர் ஈத்தாமில் ஒரு வாடிக்கையாளரைப் பார்க்க இருவரும் என் காரில் போனோம். தம்ப் டிரைவை உருவி வைக்க மறந்துவிட்டேன்.

"நல்ல பாட்டா வச்சிருக்கீங்க" என்று மேடம் சொல்லி வாய் மூடவில்லை. மகாராணிக்கு வணக்கம் வந்துவிட்டது.

"அலமாக்! யாரு இது?" மேடம் தொடையில் தட்டிச் சிரித்தார். "பெரிய டிஜேன்னு நெனப்பு போல!"

என் வீட்டுக்காரர் என்று சொல்லியிருந்தால் மேடமும் இன்னொரு தடவை சிரித்துவிட்டு விட்டிருப்பார். நானோ, "யாருன்னு தெரியல மேடம். ராத்திரி பசார் மாலாம் கடையில வாங்குனது. விக்கிறவனே நடுவுல பேசி வச்சிருக்கான்" என்றேன். சொல்லிவிட்டு அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன். கல்யாணமான நாளிலிருந்து என் கணவரை நான் அவன் இவன் என்று பேசியதில்லை. அன்றுதான் பேசினேன்.

அந்த வருஷத் தீபாவளிக்கு அலுவலகத்தில் மதிய விருந்து வைத்தார்கள். குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். கணவர் இஸ்திரி போட்ட புதுச் சட்டையில் வந்தார். மேடம் அவரிடம் வேலையைப் பற்றிக் கேட்டார்.

"ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறேன் மேடம். பன்னெண்டு வருசமாச்சு."

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கண்களை அகல விரித்தார். "இருங்க, இருங்க. உங்க குரலைக் கேட்டிருக்கேன். இவங்க கார்ல ஒரு தம்ப் டிரைவ் இருக்கு, பசார் மாலாம்ல வாங்குனது. அதுல பேசுறவரு அச்சு அசலா உங்களை மாதிரியே பேசுறாரு! யாருன்னே தெரியாதுன்னாங்க."

கணவர் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த முறுக்கைப் பார்த்தேன்.

"இருக்கும் மேடம்" என்றார் சிரித்துக்கொண்டே. "மாசாய் பக்கம் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுவோம்."

என் பொய்யை அவர் தாங்கிப் பிடித்தார். அதற்குப் பதிலாக அங்கேயே என்னைத் திட்டியிருக்கலாம்.

திரும்பும்போது அவர்தான் ஓட்டினார். காரை முடுக்கியதும் அவர் குரலே வந்தது. சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டார். பாதி வழியில் நான், "ஏங்க, அவங்க சிரிச்சாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல" என்றேன்.

"சிரிச்சா சிரிக்கட்டும். சிரிக்கத்தானே பேசுனேன்" என்றார். அடுத்த சிக்னலில் வண்டியை நிறுத்தியதும், "யாருன்னு தெரியாதுன்னு சொன்னியே" என்றார்.

மறுவாரம் காரில் பாட்டுகள் மட்டும் ஓடின. தன் குரலை ஒவ்வொன்றாகத் தேடி அழித்திருந்தார். பாட்டு ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

மேடத்திடம் உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆனது. "ஓ, அவரா? ஸ்வீட் லா" என்றார். அவருக்கு அது அவ்வளவுதான். வீட்டில் மன்னிப்பும் கேட்டேன், மறுபடி பேசிப் பதிந்து கொடுக்கச் சொல்லியும் கேட்டேன்.

"இப்பதான் போன்லயே எல்லா பாட்டும் வருதே" என்றார், கோபமே இல்லாமல்.

இப்போதைய காரில் சிடி போட இடம் கிடையாது. பாட்டெல்லாம் போனிலிருந்து வருகிறது. ஒரு பாட்டு முடிந்த மறுநொடியே அடுத்தது தொடங்கிவிடுகிறது. சில காலைகளில் அதை நிறுத்திவிட்டுச் சத்தமே இல்லாமல் ஓட்டிக்கொண்டு போகிறேன்.