குவைத்துக் காய்ச்சல்

தெமோதரைக்கு மேல இருக்கிற தேயிலைத் தோட்டத்துல இராக்கம்மாவுக்குன்னு ஒரு தனி மரியாதை. வாய்த் துடுக்குதான், ஆனா கை சுத்தம்னு வரிசை வீட்டு லயமே சொல்லும். மாரியம்மன் திருவிழாவுக்கு அரிசி இடிச்சு, வெல்லம் போட்டு மாவிளக்கு பிசையிறது வருஷா வருஷம் அவதான். வேற யாரையும் தொட விடமாட்டா. விளக்கு அணைஞ்சதும் அந்தப் பச்சை மாவைப் பிட்டுப் பிட்டு எல்லாருக்கும் பிரசாதமாக் கொடுப்பா.

அவளுக்குப் பிள்ளை இல்ல. தம்பி கந்தப்பனோட மகன் சுபாஸ்தான் உசுரு. தம்பி பொண்டாட்டி கலாராணி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனப்போ, கைக்குழந்தையா அவனை வாங்கி வளர்த்தவ இராக்கம்மா.

ரெண்டாயிரத்து எட்டுல, திருவிழா நெருங்கையில கலாராணி திரும்பி வந்தா. திருவிழா முடிஞ்சு கொஞ்ச நாள்ல அவளுக்குத்தான் முதல்ல காய்ச்சல். அப்புறம் லயம் முழுக்க. ஆத்தா வந்திருக்கான்னு வேப்பிலை கட்டிக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுறதுக்குள்ள சுபாஸ் போயிட்டான். ஐயோ, அன்னைக்கு அந்த வீட்டுல எழுந்த ஓலம்!

"பாவி, சீமையில இருந்து நோவைக் கொண்டாந்து எம் புள்ளையத் தின்னுட்டியேடி!"

இராக்கம்மா கத்துனதுதான் தாமதம், குவைத்துக் காய்ச்சல்னே பேரு வெச்சுட்டாங்க. கலாராணியைப் பொதுப் பீலிக் குழாயில தண்ணி பிடிக்கக்கூட விடல. கந்தப்பன் அக்கா பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவன். கலாராணி பசறையில இருக்கிற தன் அம்மா வீட்டுக்கே போயிட்டா.

பதுளையில இருந்து டாக்டர் செல்வரத்தினம் வந்து காய்ச்சல்காரங்க ரத்தத்தை எடுத்தாரு. திருவிழாவுல சமைச்சவங்க மலத்தையும் கேட்டாரு. "இதையுமாய்யா கேப்பீங்க!"ன்னு பொம்பளைங்க சிரிச்சாங்க. கிருமி இருந்தவங்களுக்கெல்லாம் மாத்திரை கொடுத்தாங்க. இராக்கம்மாவுக்கும்தான். "எனக்கும் ஒட்டவெச்சுட்டுப் போயிட்டா பாரு சிறுக்கி"ன்னு அதுக்கும் சேத்து ஏசினா.

அடுத்த வருஷம் டாக்டர் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டு அனுப்பினாரு. குவைத்துல இருந்து வந்ததுதான்னு அவரு வாயால கேக்கணும்னே இராக்கம்மா சீலை மாத்திக்கிட்டுப் போனா.

"அம்மா, கிருமிக்கும் வம்சம் இருக்கு. அதுக்குள்ள இருக்கிற எழுத்து முழுக்க வாசிச்சா, எந்த நாட்டுக் கிளை எண்டு தெரியும். வெளிநாட்டு ஆய்வுகூடத்தில வாசிச்சுப் பாத்தாச்சு. இது குவைத்துப் பக்கத்துக் கிருமி இல்லை. இந்த மலையில கனகாலமாச் சுத்துற கிளை."

"அப்ப யாருங்க கொண்டாந்தது?"

டாக்டர் திருப்பிக் கேட்டாரு. "இளவயசில உங்களுக்கும் இதே நெருப்புக் காய்ச்சல், டைபொயிட், வந்ததோ?"

வந்துச்சு. கல்யாணத்துக்கு முந்தி. முடியெல்லாம் கொட்டி, பொழைச்சதே பெரிசு.

"அந்தக் கிருமி உங்கட பித்தப்பையில தங்கியிட்டுது. உங்களுக்கு ஒண்டும் செய்யேல்ல. கலாராணி, சுபாஸ், எல்லாற்ற கிருமியும் உங்களிட்ட இருந்ததில இருந்து கிளைச்சதுதான். இடைக்கிடை மலத்தோட வெளியில வரும்; அந்த முறை கையால பச்சை மாவில பட்டிருக்கு. நீங்கள் தெரிஞ்சு செய்யேல்ல அம்மா."

"கைய நல்லாக் கழுவித்தாங்க பிசைஞ்சேன்..." எம் புள்ளைய நானா? நானேவா? நர்ஸு தண்ணி கொடுத்தா, வாங்கப் பயந்து கையை முந்தானைக்குள்ள சுருட்டிக்கிட்டா.

வீட்டுக்குப் போகல. நேரா பசறை பஸ்ஸைப் பிடிச்சா. கலாராணி வாசல்ல துணி காயப்போட்டுக்கிட்டு நின்னா. இராக்கம்மா அவ காலடியில பொத்துன்னு விழுந்து, டாக்டர் சொன்னதை அழுதுக்கிட்டே சொல்லி முடிச்சா.

"நாந்தான்டி கொடுத்திருக்கேன். எனக்குத் தெரியாமப் போச்சேடி!"

கலாராணி தூக்கிவிடல. ஏசவும் இல்ல. கையில இருந்த ஈரத்துணியைக் கொடியில போட்டுட்டுத்தான் பேசினா.

"நான் வந்த நாள்ல இருந்து அவன் என்னைக் கண்டாலே அழுதான். என் கையால ஒரு வாய் சோறு வாங்கல. நான் தொட்ட தண்ணிகூடக் குடிக்கல. நீங்க பக்கத்துலயே இருந்து பாத்தீங்க. நான் கொடுக்கலன்னு தெரிஞ்சுக்க டாக்டரா வேணும், மதினி?"