நான் குளித்த வரிப்பூசணி

ஜெர்மனியில் என் பக்கத்து வீட்டு ஹெல்கா அம்மையார் தோட்டத்து விதைகளைச் சிறு புட்டிகளில் அடைத்து, பெயரெழுதி, ஃபிரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். உங்கள் ஊரில் எதில் வைப்பீர்கள் என்று ஒருநாள் கேட்டார். "மாட்டுச் சாணத்தில்" என்றேன். உரத்தைப் பற்றிக் கேட்கவில்லை, சேமிப்பதைப் பற்றிக் கேட்டேன் என்று பொறுமையாகத் திருத்தினார். விதையைச் சாணத்தோடு பிசைந்து சுவரில் தட்டிவிடுவோம், பூச்சி அண்டாது என்று நானும் பொறுமையாக விளக்கினேன். "கையாலா?" "கையால்தான்." அன்றிலிருந்து நான் கொடுக்கும் வடையை முகர்ந்து பார்த்துத்தான் வாங்குகிறார்.

அவரிடம் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் விடுமுறைக்கு வன்னியம்பட்டியில் அத்தை மகன் பெருமாள் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தேன். ஊரே கம்பெனி விதைக்கு மாறியிருந்தது. அதில் காய்த்ததன் விதையைப் போட்டால் மறுவருடம் காய் வேறு மாதிரி வரும். திரும்பவும் கடைக்கு ஓட வேண்டும். மச்சான் மட்டும் தன் வரிப்பூசணியை விடவில்லை. அதிகம் தண்ணீர் கேட்காது, பறித்து வைத்தால் மாதக்கணக்கில் அழுகாது. அந்த வருடம் மழையில்லாமல் கொடி கருகிவிட, மிஞ்சிய விதையெல்லாம் பின்சுவரில் இரண்டு வறட்டிக்குள் இருந்தது. கீழ் வரிசை எரிக்க, மேல் வரிசை விதைக்க. இது அந்த வீட்டுக் கோழிக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாது.

வெளிநாடு போனாலும் பழசை மறக்கவில்லை என்று காட்டும் வீராப்பில், ஒரு காலையில் வெந்நீருக்கு நானே அடுப்பு மூட்டினேன். கைக்கு வாகாக இருந்த மேல் வரிசையை உரித்தேன். படபடவென்று வெடித்து எரிந்தது. நல்ல வறட்டி என்று மெச்சிக்கொண்டே குளித்தேன்.

தலை துவட்டும்போது மச்சான் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "மாப்ளே, இங்கன இருந்த ரெண்டு எங்க?"

"குளிச்சுட்டேன் மச்சான்."

"வெதையப் பூராம் தலையில ஊத்திட்டு வந்து நிக்கீரே!"

இனி ஒரே வழி சேத்தூர். மச்சானின் தங்கை முத்துலட்சுமியை அங்கே கட்டிக்கொடுத்தபோது இந்த விதையையும் சீலைத் தலைப்பில் முடிந்து அனுப்பியிருந்தார்கள். ஆனால் அவள் பிள்ளையின் காதுகுத்துக்கு மச்சான் போகாததில் நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பஸ் ராஜபாளையம் தாண்டும்வரை "நீரே கேளும்" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

முத்துலட்சுமி வாசலிலேயே நிறுத்தினாள். "காதுகுத்துக்கு வழி தெரியல. இன்னிக்கு மட்டும் தெரிஞ்சிருச்சோ?"

"தப்புதான் ஏட்டி" என்றார் மச்சான், தரையைப் பார்த்து. "பூசணி வெதை அத்துப்போச்சு. அத்தான் எரிச்சு வெந்நி போட்டுட்டாரு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ரெண்டு வறட்டியா? எம்புட்டு அழுக்கு அத்தான் இருந்துச்சு?" சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டாள்.

பரணிலிருந்து ஒரு பூசணியை இறக்கிக்கொண்டு எங்களோடு அவளே பஸ் ஏறினாள். நான்கு வருடத்துக்குப் பிறகு அண்ணன் வீட்டுச் சுவரில் சாணம் தட்டினாள். எனக்கும் கொஞ்சம் கொடு, ஜெர்மனியில் போடுகிறேன் என்றேன். "அங்க தட்டுறதுக்குச் செவுரு இருக்கா?" அங்கே என் வாடகை வீட்டுச் சுவரெங்கும் வீட்டுக்காரர் ஒட்டியிருக்கும் பூப்போட்ட காகிதம் நினைவுக்கு வந்தது. இல்லை என்றேன். ஓரமாக ஒரு சின்ன வறட்டி தட்டி, கரியால் என் பெயரை எழுதினாள்.

மச்சான் வருடந்தோறும் அதை விதைத்து, புது விதையைத் தட்டி, பெயரையும் புதுப்பித்து எழுதுகிறாராம். போன கடிதத்தில் நிபந்தனையும் இருந்தது: உம்ம பங்கு செவுத்துல பத்திரமா இருக்கு. எப்ப வேணாலும் வந்து பாரும். தொடாதேயும்.