புல் முளைத்த மாடி

ஜவ்வாது மலையில் அந்த விடுதிக்காரர் பேசும்போது என் முகத்தைப் பார்க்கவே மாட்டார்; தலைக்கு மேலே கூரையைப் பார்ப்பார். முறுக்கிய நரைமீசை, தோளில் பச்சைத் துண்டு. அறைக்குள் நுழைந்ததும் என் கட்டிலைச் சுவரோரம் தள்ளினார்.

"ஏங்க தள்றீங்க?"

"அங்கதான் சார் காத்து வரும்."

சன்னலோ எதிர்ச்சுவரில் இருந்தது. சந்தேகம் தட்டியது. காற்றில் சாய்ந்து சாய்ந்து எழும் மாடிப் புல்லைக் காட்டித்தான் என்னை அழைத்து வந்திருந்தார். ஏறிப் பார்த்தேன். மிதித்த இடமெல்லாம் சொதசொதத்தது.

"தண்ணி போக ஓட்டையே இல்லையே?"

"இன்னா சார் நீங்க! சாமை காயவைக்கத்தானே இந்தத் தளம் போட்டது. ஓட்டை வெச்சா மழையில சாமை ஓடிடாது? புல்லு அப்பால வந்த யோசனை."

"அப்போ இந்த ஈரமண்ணு பாரத்தைத் தளம் தாங்குமா?"

"தாங்கும் சார். நிம்மதியா படுங்க."

சாயங்காலம் தூறல் விழுந்தது. அவர் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தகரக் கொட்டகைக்கு நடந்தார்.

"அங்க படுத்தாதான் எனக்குத் தூக்கம் வரும்" என்றார், அப்போதும் கூரையைப் பார்த்தபடி.

பையை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. என்னை ஏமாற்றினாரா, காப்பாற்றினாரா, இன்றுவரை விளங்கவில்லை. விரித்தபோதுதான் பார்த்தேன், அவர் கொண்டுவந்திருந்தது இரண்டு பாய்.