உடு மகன்

எனக்குக் கூடைப்பந்து தெரியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எவனும் தில்லையடிச் சந்தியில் என்னை மறித்துக் கேட்கக் கூடாது. கல்லூரி அணியில் என்னைச் சேர்த்ததற்கு ஒரே காரணம் என் உயரம். வகுப்பு வாசல் நிலையில் என் தலை இடிபடுவதைப் பார்த்துவிட்டு விளையாட்டுப் பழக்குகிற சேர் கேட்டார், "மகன், பின்னேரத்தில சும்மாதானே நிக்கிற?" ஓம் என்றேன். தெரிவு முடிந்தது.

சேர் கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கர். வயிறு முன்னால் வந்து கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் அவர் வருவார். அவர் பழக்கிய அணி ஏதாவது வென்றதாக ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. தோற்றால் எல்லோருக்கும் பாணும் பருப்பும் வாங்கித் தருவார். தோற்காத நாள் இல்லை என்பதால் நாங்கள் நன்றாகக் கொழுத்திருந்தோம். அந்த வருஷ முடிவில் அவர் பென்சன் போகவிருந்தார். "ஒண்டே ஒண்டு வெண்டு தாங்கடா, நான் நிம்மதியா வீட்டுக்குப் போறன்" என்பார். எங்களிடம் அவர் கேட்டது அது ஒன்றுதான்.

எங்கள் மைதானம் களப்போரம், கடல்தண்ணீர் உள்ளே வந்து தேங்கிய ஏரிக்கரை. வளையத்துக்கு வலை இல்லையென்று உடப்பிலிருந்து வந்து படித்த ஒருவன் மீன்வலைத் துண்டைக் கட்டிவிட்டான். உள்ளே போன பந்தைத் தடியால் குத்தித்தான் எடுக்க வேண்டும். அதோடு காற்று. வளையத்துக்கு ஒரு முழம் தள்ளி எறிந்தால் காற்றே கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த வித்தையில் மற்றவர்கள் கெட்டிக்காரர்கள். என் கையில் பந்து இருந்தால் அணிக்கு ஆபத்து என்பதை சேர் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். பந்து என் பக்கம் வந்தாலே கரையில் நின்று கத்துவார், "உடு மகன், உடு!" எங்கள் வாயில் விடு என்பது உடுதான். நீ விலகு, மற்றவன் எடுக்கட்டும் என்று அர்த்தம். வருஷம் முழுக்க நான் ஒழுங்காகப் பழகியது அதை மட்டும்தான்.

கடைசிப் போட்டி சிலாபத்தில், கூரை போட்ட மண்டபத்தில். காற்றே இல்லை. எங்கள் ஆட்கள் பழக்கதோஷத்தில் ஒரு முழம் தள்ளி எறிய, பந்தும் ஒரு முழம் தள்ளியே போனது. இடைவேளையில் சேர் தலையில் கை வைத்துக்கொண்டு, "அட காத்துப் பிடிச்சவனுகளே, இங்க நேரா எறிங்கடா" என்றார். நேராக எறிந்தோம். விழத் தொடங்கியது. முடியும் தறுவாயில் ஒரு புள்ளிதான் குறைவு.

அப்போது பந்து என் கைக்கு வந்தது. எப்படி வந்ததென்று அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். நான் வளையத்துக்குக் கீழேயே நிற்கிறேன். பக்கத்தில் ஒருத்தனும் இல்லை, என்னைக் காவல் காப்பது வீண்வேலை என்று எதிரணியும் கண்டுபிடித்திருந்தது. கையைத் தூக்கினால் போதும். சேர் கதிரையை விட்டு எழும்பிக் கத்தினார், "உடு மகன், உடு!"

விட்டேன். பந்தை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு மரியாதையாக விலகி நின்றேன். எதிரணிக்காரன் ஒருவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு ஓடினான். ஆட்டம் முடிந்ததென்று விசில் ஊதினார்கள்.

வளையத்துக்குள் விடு என்று, அவர் எறியச் சொல்லியிருக்கிறார். முதல் தடவையாக என்னை நம்பிச் சொல்லியிருக்கிறார். பிறந்ததிலிருந்து தமிழ் கதைக்கிற எனக்கு அது விளங்கவில்லை.

திரும்பும் வழியில் மதுரங்குளியில் பஸ்ஸை நிறுத்தி, வழமைபோலப் பாண் வாங்கினார். என் பங்கை நீட்டியபோது அழுதுவிட்டேன். அவ்வளவு நெட்டையான ஆள் அழுவது பார்க்கச் சகிக்காது.

"சேர், நீங்க உடச் சொன்னீங்க..."

"ஓம், நான்தான் சொன்னன்." முதுகில் தட்டினார். "உடு மகன்."

ஒரு வெற்றியும் இல்லாமல் பென்சன் போனார். போன மாதம் காலமாகிவிட்டார். பழைய அணி முழுக்கக் கற்பிட்டிக்குப் போனோம், எல்லோருக்கும் இப்போது சேரின் வயிறு. உயரமென்று பெட்டியின் தலைப்பக்கத்தை என்னிடம் தந்தார்கள். உடப்புக்காரன் காதுக்குள் சொன்னான், "டேய், இதையாவது உட்டுராத." சிரிப்பு வந்தது, அதோடு கண்ணும் கலங்கியது.

விடவில்லை. குழியடி வரைக்கும் நன்றாகத்தான் பிடித்திருந்தேன். பெட்டியைக் கயிற்றில் ஏற்றியதும் பக்கத்தில் நின்றவர் சொன்னார், "உடுங்க தம்பி, உடுங்க."

இந்த முறை அர்த்தம் சரியாக விளங்கியது. கைதான் விடவில்லை.