பேசினால் நழுவும் புதையல்

இருபது வருடக் கொத்தனார் வேலையில், தம்பி வாய் திறக்காமல் குழி தோண்டியதை அக்கா அன்றுதான் பார்த்தாள். பேச்சுச் சத்தம் கேட்டால் புதையல் மண்ணுக்குள் நழுவிவிடும் என்று குறிகாரர் சொல்லியிருந்தார். அதை நம்பி, வீட்டுக்காரர் பழைய சுவரடியில் நின்று குழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மண் சுமந்த அக்காவும் மூச்சுக் காட்டவில்லை.

சுவரிலிருந்து காரை பொலபொலவென உதிர்ந்தது. விரிசல் அகலுவதைத் தம்பி கவனித்துவிட்டான்.

"ஐயா, வெளிய ஓடுங்க."

மூவரும் வாசலைத் தாண்டியதும் சுவர் அப்படியே குழிக்குள் சரிந்தது.

"பேசிட்டியேப்பா, புதையல் போச்சே" என்றார் வீட்டுக்காரர்.

"அது போகட்டும். நீங்க வந்துட்டீங்கல்ல?"

அவர் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டார். அக்காவுக்கும் மூச்சு வந்தது.

"சுவரைப் பத்திக் கவலப்படாதீங்கய்யா, இவன் கட்டுனா நூல் பிசகாது" என்றாள்.