தாத்தாவை மூங்கிலடியில் உட்கார வைத்த அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் அக்காவின் காரியத்துக்கு வந்தபோது, செம்மண்டலம் வீட்டு முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த காட்டைப் பார்த்தீர்கள். சிலர் அருகில் போய்க் குனிந்து பார்த்தீர்கள். சிலர் அறைக்குள் வராமல் வாசலோடு நின்றுகொண்டீர்கள். "துக்க வீட்டுல எதுக்குப்பா ஜப்பான்காரன் லாரி?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். அன்று பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறையும் இந்த வேளையில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது சிதம்பரத்தில். அங்கே எங்கள் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். அக்கா பத்தாவது படிக்கும்போது அம்மா காலமானார். அதன்பின் எனக்குத் தலைவாரி விட்டது, சோறு போட்டது, பரீட்சைக்கு எழுப்பியது எல்லாம் அக்காதான். கல்லூரிக்குப் போக ஆசைப்பட்டவர், வீட்டு நிலைமை பார்த்து கடலூர் பல் மருத்துவமனை ஒன்றில் பல்செட் செய்யும் வேலைக்குப் போனார். மெழுகில் பல்லைச் செதுக்கி, அச்செடுத்து, மாவு கலந்து வார்க்கும் வேலை. திருமணமாகி செம்மண்டலத்தில் குடியேறிய பிறகும் ஓய்வு பெறும்வரை அதையே செய்தார். இந்த ஊரில் அக்கா செய்த பல்லோடு சிரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஆடி அமாவாசைக்கு ஊரே கடலுக்குப் போகும்போது, அப்பா மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். தாத்தா மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். யுத்தகாலத்தில் ஜப்பான் ராணுவம் அவரை சயாம் காட்டுக்கு ரயில் பாதை போடக் கூட்டிக்கொண்டு போனது. அவர் திரும்பவில்லை. இறந்தார் என்று சொல்லவும் யாரும் இல்லை. யுத்தம் முடிந்து அப்பாவின் தாயாரான எங்கள் ஆயா, மூத்தவரான அத்தையையும் சின்னக் குழந்தையாயிருந்த அப்பாவையும் கப்பலேற்றி ஊருக்குக் கூட்டி வந்தார். கடைசி நாள்வரை ஆயா நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார். அதனால் அப்பா தன் தகப்பனாருக்கு ஒருநாளும் எள்ளும் தண்ணீரும் இறைக்கவில்லை. இறைக்காமலேயே அவரும் போய்விட்டார்.

அக்கா ஓய்வு பெற்ற சமயம், சிங்கப்பூரில் இருக்கும் அவருடைய மகன் ஒரு பொம்மை லாரி அனுப்பினான். துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக்கை ஒட்டி, வர்ணம் பூசி, அசல் போலவே செய்ய வேண்டியது. அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று நினைத்தானே தவிர, எந்த நாட்டு லாரி என்று அவன் பார்க்கவில்லை. ரப்பர் சக்கரத்தைக் கழற்றி இரும்புச் சக்கரம் மாட்டினால் தண்டவாளத்தில் ஓடும் ஜப்பான் ராணுவ லாரி அது. அட்டைப்பெட்டிப் படத்தை அக்கா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுலதான்டா ஏத்திகிட்டுப் போயிருப்பாங்க" என்றார் என்னிடம்.

பெட்டியில் சிப்பாய்கள் இருந்தார்கள். கூலிக்காரர்கள் இல்லை. அவர்களை அக்காவே செய்தார். மெழுகில் சுண்டுவிரல் உயரத்துக்குச் செதுக்கி, பல்செட் மாவிலேயே வார்த்தார். வர்ணம் பூசுவதற்கு முன்னால் அத்தனை பேரும் ஈறு நிறத்தில் மேசைமேல் படுத்துக் கிடந்தார்கள். என் மனைவி அன்று பார்த்ததுதான், அதன்பிறகு அந்த அறையில் உட்காரவே மாட்டாள்.

லாரியைச் சுற்றிப் பலகையின்மேல் காடு வளர்ந்தது. கம்பியில் மூங்கில், தீக்குச்சியில் தண்டவாளக் கட்டைகள், வறுத்துச் சலித்த மண். ஆனால் அறைக்குள் நுழைந்தால் மழையில் அழுகிய இலையின் வாசம் அடிக்கும். ரசாயன ஆலைகள் இருக்கும் குடிகாட்டுப் பக்கத்துக் காற்றாக இருக்கும் என்று ஜன்னலைச் சாத்திப் பார்த்தோம். சாத்தினால் அதிகமானது.

பாதையோரம் மண்கூடையோடு நிற்கும் ஒரு ஆளை அக்கா வைத்தார். காலையில் பார்த்தால் அவர் மட்டும் விழுந்து கிடப்பார். முகம் காட்டைப் பார்த்திருக்கும். மறுபடி ஒட்டுவார். மறுநாளும் அப்படியே. பூனை என்றார் அக்காவின் கணவரான மாமா. கண்ணாடி மூடியபிறகும் விழுந்தார். கடைசியில் அக்கா அவர் உள்ளங்காலில் ஓட்டை போட்டுக் கம்பி செருகி, பலகையோடு சேர்த்து இறுக்கினார். அடுத்த நாள் காலை மாமாவிடமிருந்து எனக்கு போன்.

"மச்சான், கொஞ்சம் வந்துட்டுப் போங்க. எனக்கு இது சரியாப் படல."

போய்ப் பார்த்தேன். கம்பி வளையாமல் நேராக நின்றது. அவர் மூங்கில் அடியில் கிடந்தார்.

"தூக்கிப் போட்டுடலாம்க்கா" என்றேன்.

அக்காவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே குறைவு. அன்று வந்தது. "எங்கடா போடுவ? குப்பையிலயா? நிக்கத்தான முடியல அவுருக்கு. உக்காந்துக்கட்டும்."

சின்ன விளக்கில் அவரைச் சூடு காட்டி, முழங்காலை மடக்கி, மூங்கிலில் முதுகு சாய்த்து உட்கார வைத்தார். கூடையை எடுத்துவிட்டுத் தலையில் ஈரத்துண்டு மாதிரி ஒன்றைப் போட்டார். அதன்பின் அவர் அசையவில்லை.

சில வாரம் கழித்து, தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருக்கும் எங்கள் அத்தை கண் பரிசோதனைக்காகச் சிதம்பரத்திலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்தார். மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பாடு. கைகழுவிவிட்டு முன்னறைக்கு வந்தவர் பெட்டி முன்னால் நின்றார். லாரியைப் பார்க்கவில்லை, சிப்பாய்களைப் பார்க்கவில்லை. விரல் நேராகக் கண்ணாடியில் ஓரிடத்தைத் தொட்டது.

"இவுருக்குத் தலைல ஏன் துண்டு போட்ட?"

"தெரியல அத்த. வெறுந்தலையா விட மனசு வரல."

"யாருடி சொன்னா ஒனக்கு?"

"எத?"

"மூங்கிலடியில உக்காந்தாருன்னு."

அக்கா என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். அப்புறம்தான் சொன்னார்.

யுத்தம் முடிந்ததும் தாத்தாவோடு வேலை பார்த்த ஒருவர் தோட்டத்துக்குத் திரும்பி வந்து ஆயாவைப் பார்த்திருக்கிறார். கதவுக்குப் பின்னால் நின்று அத்தை கேட்டிருக்கிறார். "காச்ச கண்டு நிக்க முடியாம மூங்கிலடியில போயி உக்காந்துட்டாராம். தலைல ஈரத்துணியப் போட்டு விட்டதே அந்த ஆளுதானாம். லாரி கெளம்புற நேரம். எங்க ரெண்டு பேரு பேரையும் சொல்லிச் சொல்லிக் கூப்டாராம். யாரையும் எறங்க விடல. லாரி போற வரைக்கும் சத்தம் கேட்டுச்சாம்."

"அப்பாவுக்குத் தெரியுமா அத்த?" என்றார் அக்கா.

"அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. பொணத்த யாரும் பாக்கல, நான் பொட்டழிக்க மாட்டேன்னுட்டாங்க. தம்பி கதவச் சாத்திகிட்டு உக்காந்திருப்பானே, அப்பல்லாம் வாய் வரைக்கும் வரும். முழுங்கிடுவேன்."

அழுதார். இனிமேல் சத்தியத்தை மீறிய பாவமும் தனக்கு வருமே என்று பயந்தார். அக்கா அவர் காலடியில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆயா பொட்டுக்காகத்தான வேணாம்னாங்க. இப்ப ஆயாவும் இல்ல, அப்பாவும் இல்ல. அவுரு மட்டும் இன்னும் அங்கயே உக்காந்திருக்காரு அத்த. எழுந்துக்க வேணாமா?"

அந்த ஆடி அமாவாசைக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் தாத்தாவுக்கு நான் தர்ப்பணம் செய்தேன். பிடிக்க வந்தவர்களை உதறிவிட்டு அத்தை முழங்கால் தண்ணீரில் நின்றார். "எல்லாரும் பத்தரமா இருக்கோம், போயிட்டு வாங்கப்பா" என்று கடலைப் பார்த்துச் சொன்னார். வீடு திரும்பியதும் அக்கா முன்னறைக்குப் போய்ச் சற்று நேரம் நின்றார். அந்த வாசம் இல்லை.

"சத்தமும் நின்னுடுச்சு" என்றார்.

"என்ன சத்தம்க்கா?"

அக்கா காப்பி போடப் போய்விட்டார். அதற்கு முன்னால் எத்தனை மாதம் அந்த அறையில் தனியாக உட்கார்ந்து எதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த வருடமே அக்காவுக்கு ரத்தத்தில் நோய் கண்டது. புதுச்சேரிக்கு அலைந்தோம். வலியை வெளியே காட்டாதவர். உடம்பு சற்றுத் தெளிந்த நாட்களில் மற்ற கூலியாட்களுக்கு முகம் எழுதினார். எவருக்கும் இன்னொருவர் சாயல் இல்லை. காவலுக்கு நிற்கும் சிப்பாய் ஒருவனுக்கு மீசை முளைக்காத முகம் வைத்தார். "இவனுக்கும் வீட்ல தேடியிருப்பாங்கல்ல" என்றார். இனி மருத்துவமனை வேண்டாம் என்று முடிவானதும் கட்டிலை முன்னறையில் போடச் சொன்னார். போட்ட அன்றே மாமாவைக் கூப்பிட்டார்.

"ஏங்க, கட்டிலத் திருப்பிப் போடுங்க. அவுங்கள்ளாம் என் முதுகப் பாத்துகிட்டு நிக்கறாங்க."

திருப்பிப் போட்டோம். பெட்டியைப் பார்த்தபடியே, ஒரு பிற்பகல், மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அக்காவின் மூச்சு அடங்கியது.

அக்காவைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், ஓய்வு பெற்ற பிறகும் பட்டறைச் சாமான்களை இரவல் கொடுத்த பல் மருத்துவமனைத் தோழிகளுக்கும், இந்தத் தள்ளாத வயதில் வந்து அக்காவுக்குத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அத்தைக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

போன மாதம், எங்களுக்கு அறிமுகமே இல்லாத ஓர் அம்மா, கழுத்தில் ஜெபமாலையோடு, பேத்தியை அழைத்துக்கொண்டு விசாரித்து வந்தார். அவருடைய அப்பாவும் மலேயா போனவராம். பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கட்டை சுமக்கும் ஒருவர் முன்னால் நின்றுவிட்டார். "எங்கப்பா போட்டோ கூட இல்லீங்க எங்ககிட்ட. இவுருதான்னு நெனச்சுக்கலாமா?" என்றார். மாமா உள்ளே போய்த் தீப்பெட்டி எடுத்து வந்து கொடுத்தார். அந்த அம்மா தான் கொண்டுவந்திருந்த மெழுகுவர்த்தியை ஏற்றி, தகப்பனார் பெயரை உரக்கச் சொல்லி ஜெபித்தார்.

நினைவு நாளன்று நீங்கள் அனைவரும் செம்மண்டலம் வீட்டுக்கு வர வேண்டும். மாலை வேண்டாம். உங்கள் வீட்டிலிருந்து போய்த் திரும்பாதவர் யாராவது இருந்தால், அக்கா முகம் எழுதிய ஆட்கள் முன்னால் நின்று அவர் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.

அன்புடன்,
தம்பி