அந்த லொறிக்கு நான் தைத்த திரைச்சீலை

மூன்று வருடத்துக்கு முன்னால், கெலிஓயாவில் நடந்தது இது. வீதியோரம் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை. குஷன், மெத்தை உறை, திரைச்சீலை எல்லாம் தைப்பேன். பக்கத்தில் லொறிக்கு பொடி, அதாவது மேல்கூடு, கட்டும் கராஜ். அவர்கள் தட்டுகிற சத்தத்தில் என் மெசின் சத்தம் எனக்கே கேட்காது. அதற்காக வாரத்தில் இரண்டு தடவையாவது அவர்களோடு சண்டை போடுவேன். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று தெருவுக்கே தெரியும்.

கண்டி டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த ஒரு ஐயா அந்த கராஜுக்கு வந்தார். கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டாராம். இத்தனை வருடமும் தன்னோடு அந்தக் கடைக்குள்ளேயே கிடந்த மனைவிக்கு இனியாவது நாட்டைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்த அம்மாவுக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. அதனால் வண்டிக்குள்ளேயே வீடு கட்டிக்கொண்டு போகலாம் என்று முடிவு செய்திருந்தார். முதலில் அவர் பார்த்து வைத்தது தாழ்வான ஒரு பழைய சின்ன பஸ். கராஜின் தலைமை மேஸ்திரியை நாங்கள் பாஸ் என்போம். அவர்தான் கெடுத்தார். "பஸ்ஸு காட்டு ரோட்டுல அடி தட்டும் ஐயா. நாலு சில்லும் இழுக்கிற பெரிய லொறியா எடுங்க, ஆத்துலயே எறக்கலாம்" என்று ஆசை காட்டினார். ஐயா மயங்கிவிட்டார்.

லொறி வந்தது. அதன் சில்லே என் இடுப்பு உயரம். அதற்கு மேலே அலுமினியத்தில் ஓர் அறை எழும்பியது. சூடு இறங்காமலிருக்க சுவருக்குள் ரெஜிபோம் அட்டை வைத்தார்கள். கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, ஒருவர் நிற்கிற அளவில் கக்கூஸ், கூரையில் சோலார் தகடு. இடியப்பத் தட்டு எங்கே இருக்க வேண்டும் என்பதைக்கூட ஐயா சோக்கட்டியால் கோடு போட்டுக் காட்டினார். அவ்வளவு பார்த்தார் மனிதர்! மெத்தையும் திரைச்சீலையும் என் பொறுப்பு.

புது பொடி கட்டினால், பூசை போடும்வரை கண்ணூறு படாமல் தறப்பாளால் மூடி வைப்பது அந்த கராஜின் வழக்கம். ஐயாவுக்கு அது வசதியாகப் போயிற்று. பூசை அன்றைக்குத்தான் மனைவிக்குக் காட்டுவேன் என்று எங்கள் எல்லோருக்கும் வாய்ப்பூட்டுப் போட்டுவிட்டார்.

திரைச்சீலைத் துணியை மட்டும் அம்மாவே எடுக்கட்டும் என்று, வீட்டு ஜன்னலுக்கு எனப் பொய் சொல்லி என் கடைக்கு அனுப்பினார். என் கடைக்கு மூன்று படி. அம்மா கதவு நிலையைப் பிடித்து, பக்கவாட்டாகத் திரும்பி, ஒரு காலை வைத்து மற்றக் காலை இழுத்து இழுத்து ஏறினார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. நான் கதிரையை இழுத்துப் போட்டேன்.

"முட்டி ரெண்டும் போச்சு புள்ள. அவருகிட்ட சொல்லிராத. ஆஸ்பத்திரி, ஆப்பரேசன்னு கெளம்பிருவாரு" என்றார். பிறகு நீலத்தில் வெள்ளைப் பூ போட்ட துணி ஒன்றை மடியில் விரித்துத் தடவினார். "இத போட்டா வீட்டுக்குள்ள கடல் வந்த மாதிரி இருக்கும். நான் கடல பாத்தே எத்தன வருசமாச்சு!"

அவர் போனதும் கராஜுக்கு ஓடினேன். லொறிக் கதவின் அடி என் நெஞ்சுக்கு நேரே இருந்தது. ஏறுவதற்குச் செங்குத்தாக நாலு கம்பிதான்.

"பாஸ், அந்தம்மாவால இதுல ஏற முடியாது. நல்ல படி ஒண்ணு கட்டுங்க."

பாஸ் வெல்டிங் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. "நீங்க மெத்தைய பாருங்கக்கா. லொறிய நாங்க பாத்துக்கிறோம்" என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் ஐயா மெத்தை பார்க்க வந்தார். சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லாதே என்று அம்மா கேட்டாரே என்று இப்போது சாக்குச் சொல்லலாம். அது பொய். பூசை அன்று எல்லோர் முன்னாலும் பாஸ் முழிக்கட்டும், அப்போது தெரியும் நான் யாரென்று என நினைத்தேன். இதை எழுதவே கை கூசுகிறது.

பூசை ஒரு வெள்ளிக்கிழமை காலை. குருக்கள் வந்து தேங்காய் உடைத்தார். சில்லுகளுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஐயா அம்மாவைக் கூட்டி வந்து, தறப்பாளைத் தன் கையாலேயே இழுத்தார். "ஏறு, ஏறு! இனி திருகோணமலக் கடற்கரையிலதான் நமக்குக் காலைச் சாப்பாடு" என்றார். அப்படி ஒரு சந்தோசம் அவர் குரலில்.

அம்மா அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். முதல் கம்பியில் கால் வைத்தார். இரண்டாவதுக்கு முழங்கால் மடங்கவில்லை. மறுபடி முயன்றார். பிறகு கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். ஐயா பின்னாலிருந்து தூக்கிவிடப் போனார். "வேணாங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்றார் அம்மா.

"எவ்வளவு நாளா இப்படி? ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று ஐயா கேட்டார். பாஸும் முழித்துக்கொண்டுதான் நின்றார். அதைப் பார்க்கக்கூட எனக்கு மனம் வரவில்லை.

அம்மா ஜன்னலில் தொங்கிய நீலத் துணியைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடினார்.

"ஒனக்குத் தெரியும்தானே புள்ள?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அடுத்த வாரமே பாஸ் கைபிடியோடு அகலமான மடக்குப் படி செய்து கொடுத்தார். அம்மா அந்த லொறியின் பக்கமே போகவில்லை. பத்துப் பேர் முன்னால் பட்ட கூச்சம் அவரை விடவில்லை. காரில் போகலாம் என்று ஐயா கெஞ்சியும் அசையவில்லையாம். ஐயா சில மாதம் அதை வாசலில் நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தார். கடைசியில், வெளிநாட்டுப் பயணிகளைக் கூட்டிப் போகும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்.

கொடுக்கும் முன் ஐயா கழற்றி வைத்த திரைச்சீலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு அம்மா வந்தார். கடைப் படி ஏறவில்லை. நான்தான் ஓடி இறங்கினேன். "குசினியில அடுப்புக்கு மேல இருக்கிற ஜன்னலுக்கு வர்ற மாதிரி வெட்டிக் குடு" என்றார். அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு, நானும்தானே மறைச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மூன்று படிகளையும் உடைத்துவிட்டு, இப்போது சரிவாகச் சிமெந்து போட்டு, பக்கத்தில் கைபிடிக் கம்பியும் வைத்திருக்கிறேன். அம்மா இன்னும் வரவில்லை. ஐயாவிடம் நேரே சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. என் ரோஷத்தால் நான் அதைச் சொல்லாமல் விட்டதில், அந்த அம்மாவின் கடல் குசினி ஜன்னலோடு நின்றுபோயிற்று.